அறுத்துப்போடு மாப்ளே, அளவெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்

வாங்கிப்போட்டயாக்கும். சந்தோசம் மாப்ளே. 1968 பான்டியாக் ஜி.டி.ஓ., 400 கியூபிக் இன்ச் இன்ஜின், 350 குதிரை, நாலு கியரு. உன்ற அம்மா வெலையைச் சொன்னப்ப, அங்க இன்னொரு வீடு வாங்கிட்டயோன்னுதான் நெனச்சேன். இருக்கட்டும். மிச்சிகன்ல சம்பாதிக்கறவன் நீ. காசு உன்றது, காரு உன்றது, பொண்டாட்டிகிட்டப் பதில் சொல்லப்போறவனும் நீ. திருச்செங்கோட்டுல லாரிப் பட்டறை வெச்சிருந்த கெழவனுக்கு இதுல என்ன சோலி?

ஒண்ணே ஒண்ணுதான். நீ அனுப்பிச்ச போட்டோவுல கார்ப்பெட்டை உரிச்சுப்போட்டு, நடு டன்னல் தகட்டு மேல சாக்பீசுல கோடு இழுத்து வெச்சிருக்கற. பக்கத்துல கட்டிங் மிஷினு. ஆறு கியர் பெட்டி வெக்கறதுக்காமா. பேஷ். அறு சாமி. குளுருகாலத்துல ரோட்டுக்கு உப்புக் கொட்டற ஊர்ல 50 வருசத்துக்கு மேல துருவுக்குத் தப்பிச்ச தகடு அது. உன்ற கைக்குத் தப்புமா?

அறுக்கறதுக்கு முன்னால ஒரு டீ போட்டுக் குடி. அது ஆறற வரைக்கும் மாமன் பேசறதைக் கேளு.

மொதல்ல அந்த ஒரிஜினல்காரங்க. கார் கண்காட்சியில மடக்கு நாற்காலி போட்டு உக்காந்துட்டு, கம்பெனி வெச்ச போல்ட்டைக்கூடத் தொடப்படாதும்பாங்களே, அவிங்க. கியர் பெட்டியை மாத்தப்போறன்னு கேட்டா நெஞ்சைப் புடிச்சுக்குவாங்க. நீ பயந்துக்காத. இந்த ஜி.டி.ஓ. பொறந்ததே மாத்தி வெச்ச வேலையிலதான். அப்ப ஜெனரல் மோட்டார்ஸ்ல நடுத்தர சைசு காருக்கு 330 கியூபிக் இன்ச்சுக்கு மேல இன்ஜின் ஆகாதுன்னு சட்டம். பான்டியாக்குல சீஃப் இன்ஜினியரா இருந்த ஜான் டிலோரியனும் அவரு ஆளுங்களும் பெரிய காரோட 389 இன்ஜினைத் தூக்கி டெம்பெஸ்ட் லெமான்ஸ்ங்கற சின்ன காருல எறக்கிட்டாங்க. புது மாடலுன்னு சொன்னா மேலிடம் கேள்வி கேக்கும். அதனால 'ஆப்ஷன்'னு எழுதி, சுமார் 300 டாலர் வெலை போட்டு, 1964ல வித்துப்போட்டாங்க. பேரையும் ஃபெராரிகிட்ட இருந்து எடுத்துக்கிட்டாங்க. இத்தனை தில்லுமுல்லுல பொறந்த வண்டிக்கு இன்னைக்கு ஆச்சாரம் பாக்கறாங்க. சிரிச்சுட்டுப் போயிரு.

ஆனா ஒண்ணு. கழட்டற பழைய மன்சி பெட்டியை எவனுக்கும் குடுத்துராத. இண்டியானாவுல மன்சிங்கற ஊர்ல செஞ்ச பெட்டி. உன்ற வருசத்துப் பெட்டியில காரு சேசிஸ் நம்பர்ல ஒரு பகுதியைக் குத்தியிருப்பாங்க. ஆயில் ஊத்தி, தொளையெல்லாம் அடைச்சு, கட்டிலுக்கடியில தள்ளி வெய்யி. ஆச்சாரம் நமக்கு வேண்டாம். ஆனா நாளைக்கு விக்கறப்ப ஆச்சாரக்காரன் குடுக்கற வெலை வேணுமில்ல?

சரி, கணக்குக்கு வருவோம். உன்றது குளோஸ் ரேஷியோ மன்சி. மொதல் கியரு 2.20, நாலாவது நேருக்கு நேரு, ஒண்ணுக்கு ஒண்ணு. பின்னாடி கிரவுன் பினியன் 3.90. 26 இன்ச் டயர்ல 70 மைல் வேகம், நம்ம ஊருக்கு 112 கிலோமீட்டர், போனீன்னா இன்ஜின் நிமிசத்துக்கு 3,500 சுத்துச் சுத்தும். செஞ்சவன் மேல தப்பில்ல. ஒரு கேலன் பெட்ரோல் 35 சென்ட் பக்கம் வித்த காலம். உட்வர்ட் ரோட்டுல ஒரு சிக்னல்ல இருந்து அடுத்த சிக்னலுக்கு எவன் முந்தறான்னு பாக்கத்தான் அதைச் செஞ்சாங்க. ஒரு மணி நேரம் ஒரே வேகத்துல போறதுக்குச் செய்யல. நீ அதை ஐ-75 ஹைவேயில ஓட்டிட்டு, உள்ள பொண்டாட்டி பேசறது காதுல விழலைங்கற. அதை ஒரு குறையாச் சொன்ன மொத புருசன் நீதான் மாப்ளே.

அஞ்சு கியர் பெட்டின்னா இது தீரும். ட்ரெமெக்ங்கற மெக்சிகோக் கம்பெனி இந்த மாதிரி பழைய காருகளுக்குன்னே டி.கே.எக்ஸ்.னு ஒண்ணு போடறான். அஞ்சாவது ஓவர்டிரைவு கியரு, 0.68. அதே 70 மைல்ல 3,500 சுத்து 2,400க்கு வந்துரும். காது நிம்மதி. பொண்டாட்டி பேச்சும் கேக்கும், அதுக்கு மாமன் பொறுப்பில்ல.

பெட்ரோல் மிச்சமாகும்னு வேற அவகிட்டச் சொல்லியிருக்கற. சொல்லு, சொல்லு. நல்ல பொய்யி, கணக்குப் போடாத வரைக்கும். வருசத்துக்கு 2,000 மைல் ஓட்டறன்னு வெய்யி. கேலனுக்கு 12 மைல் குடுத்தது 15 குடுக்குதுன்னும் வெச்சுக்க. மிச்சம் 33 கேலன். ஒரு நாள் ராத்திரி உங்க ரெண்டு பேரு ஓட்டல் சாப்பாட்டுக்குச் சரியாப் போகும். பெட்டிக்கும் அதோட வர்ற சாமானுக்கும் போடற ஆயிரக்கணக்கான டாலர் இதுல திரும்பி வரோணும்னா உன்ற பேரன் தாடி வளக்கோணும்.

ஆனா உண்மையான லாபம் ஒண்ணு இருக்குது, அதைச் சொல்லாம எல்லாரும் அஞ்சாவது கியரைப் பத்தியே பேசறீங்க. லாபம் மொதல் கியர்ல. உன்ற மன்சியில 2.20-ஐ 3.90-ஆல பெருக்கினா எட்டரை சொச்சம். டி.கே.எக்ஸ்.ல மொதல் கியரு 2.87, பெருக்கினா பதினொண்ணைத் தாண்டுது. இது கடுதாசிக் கணக்கில்ல. போன தடவை ஆகஸ்ட் மாசம் வந்தப்ப அந்த உட்வர்ட் ட்ரீம் குரூஸுக்குக் கூட்டிட்டுப் போனயே, 1995ல இருந்து மூணாவது சனிக்கெழமை நடத்தறாங்கன்னு பெருமையாச் சொல்லிட்டு. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் மசில் காரு. ஒண்ணாவது ரெண்டாவது கியருக்கு மேல போச்சா? எல்லாம் அங்குலம் அங்குலமா நகந்துதுக. 700 சுத்து ஐடில்ல கிளட்சை முழுசா விட்டா உன்ற வண்டி 10 கிலோமீட்டர் வேகத்துல போகும். முன்னால இருக்கறவன் அதுக்கும் கம்மியாப் போனா நீ கிளட்சைப் பாதி மிதிச்சுக்கிட்டு நிக்கோணும், பிளேட் கருகோணும். 2.87ல அது 8க்குக் கீழ எறங்கிரும். எடது காலுக்கு ஓய்வு. நீ வாங்கப்போறது ஓவர்டிரைவுன்னு நெனச்சுக்கற. வாழப்போறது மொதல் கியரோடதான்.

அதுக்காக இன்னும் பெருசு வேணும்னு 3.27 மொதல் கியர் இருக்கற பெட்டியைத் தூக்கிட்டு வந்துராத. 3.90 பினியனோட அது சேந்தா, சிக்னலைத் தாண்டறதுக்குள்ள மொதல் கியர் தீந்துபோயிரும். அப்பறம் கை கியர்ல, கண்ணு ரோட்டுல, மானம் காத்துல.

இதைவிடச் சல்லிசா ஒரு வழி இருக்குது. சொன்னா மொகத்தைத் தூக்கி வெச்சுக்குவ. பெட்டியைத் தொடாம, பின்னாடி 3.90-ஐ எடுத்துட்டு 3.08 கிரவுன் பினியன் போட்டா 70 மைல்ல 2,800க்குள்ள வந்துரும். ஆனா 2.20 மொதல் கியரோட அது சேந்தா ஏழுகூட வராது. ஒவ்வொரு சிக்னல்லயும் வண்டி முக்கும், கிளட்ச் வாசம் ஊருக்கே தெரியும். அதனால பெட்டி மாத்தற உன்ற ஆசைக்கே ஓட்டுப் போடறேன்.

இப்ப உன்ற ஆறு கியரு. மேக்னம். நல்ல பெட்டிதான், நான் குத்தம் சொல்லல. 700 பவுண்டு-அடி முறுக்கு தாங்கும்னு எழுதியிருக்கறான். உன்ற இன்ஜின் கம்பெனிக் கணக்குப்படியே 445 தான். டி.கே.எக்ஸ். 600 தாங்குமே, அதுல என்ன கொறைஞ்சு போச்சு? 0.50 ஆறாவது கியரு இருக்கற வகையைத்தான் பாத்து வெச்சிருக்கற. 3.90-ஓட அதைப் பெருக்கிப் பாரு, ரெண்டுக்கும் கீழ. 70 மைல்ல 1,760 சுத்து. உன்றதுல பெரிய கேம் ஷாஃப்ட் போட்டிருக்குதுன்னு மீசையை முறுக்கினயே, அந்தக் கேமுக்கு 1,760ல இழுக்கற தெம்பு ஏது? ஒரு பாலம் ஏறினா வண்டி நடுங்கும். நீ அஞ்சாவதுக்கு எறக்குவ. ஆறு கியருக்குக் காசைக் குடுத்துட்டு அஞ்சுலயே ஓட்டுவ. ஆனா கண்காட்சியில 'சிக்ஸ் ஸ்பீடு'ன்னு சொல்லிக்கலாம், அது வாஸ்தவம். அதுக்காகத்தான் டன்னலை அறுக்கறயா? அந்தப் பெட்டி பெருசு, 60 கிலோவுக்கு மேல. டி.கே.எக்ஸ். சுமார் 45 கிலோ; அது உன்ற காருல பெரும்பாலும் அறுக்காமயே போயி உக்காரும், எங்கயாவது இடிச்சா சுத்தியல்ல ரெண்டு தட்டு. தகட்டை அறுத்துப்போட்டா அப்பறம் மன்சியைத் திரும்ப வெக்கலாம், அறுபட்ட தகட்டை ஒண்ணும் பண்ண முடியாது. வாங்கறவன் மொதல்ல கார்ப்பெட்டைத்தான் தூக்கிப் பாப்பான், நெனவுல வெய்யி.

பழைய காரு ஒடைக்கற எடத்துல மஸ்டாங்ல இருந்து கழட்டுன டி-5 பெட்டி மலிவாக் கெடைக்குதுன்னு உன்ற சிநேகிதன் சொன்னானாமே. அவன் நல்ல பையன். அந்தப் பெட்டி 300 பவுண்டு-அடி பக்கம் தாங்கும். உன்ற 445-ஐ அதுகிட்டக் குடு, ஒரு நல்ல டயரையும் போடு, பல்லையெல்லாம் ஆயில்ல இருந்து பொறுக்கலாம். பொறுக்கறப்ப அந்தச் சிநேகிதனையும் கூப்புட்டுக்க.

பெட்டி வந்து எறங்குச்சுன்னா கல்யாணம் முடிஞ்சுதுன்னு நெனச்சுராத, பொண்ணு வீட்டு ஒறம்பர இனிமேத்தான் வருவாங்க. பழைய கிளட்ச் பிளேட்ல 10 பல்லு, புதுப் பெட்டியோட ஷாஃப்ட்ல 26 பல்லு. பிளேட் மாத்தோணும். பின்பக்கம் பழசு 27, புதுசு 31, யோக் மாத்தோணும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் சரிவராது, லேத்துக்குப் போகோணும். அதுவும் பெட்டியை எறக்கி வெச்சு, வண்டி சக்கரத்துல நிக்கறப்ப அளந்து, அப்பறம் போ. போன்ல யாரோ சொன்ன அளவைக் குடுத்துராத. கிராஸ் மெம்பரு, ஸ்பீடோ மீட்டர் கேபிளு, அதெல்லாம் சில்லறை. பெல் ஹவுசிங் வாங்கறப்ப மட்டும் கண்ணை நல்லாத் தொற. எல்லாம் ஜெனரல் மோட்டார்ஸ்தானேன்னு ஷெவர்லேக்குச் செஞ்சதை வாங்கிட்டு வந்தீன்னா பான்டியாக் இன்ஜின்ல போல்ட் தொளையே சேராது. ஒரே கம்பெனிக்காரன் பங்காளிச் சண்டையை இரும்புலயே வாத்து வெச்சிருக்கறான்.

இனிமே சொல்றதுதான் வேலை. மிச்சமெல்லாம் ஸ்பானர் திருப்பறது.

பெல் ஹவுசிங்கை மாட்டினதும் பெட்டியைத் தூக்காத. ஃப்ளைவீல்ல ஒரு டயல் கேஜை ஒட்ட வெச்சு, முள்ளை ஹவுசிங் நடுத் தொளையோட உள்விளிம்புல தொட வெச்சு, இன்ஜினைக் கையில ஒரு சுத்துச் சுத்து. முள்ளு போற தூரம் 0.005 இன்ச்சுக்குள்ள இருக்கோணும். ரெண்டு தலைமுடி கனம்கூட இல்ல. பழைய மன்சி கொஞ்சம் கோணலா இருந்தாலும் மொனகிக்கிட்டே ஓடிரும். புதுப் பெட்டிக்கு அந்தப் பொறுமை கெடையாது. கோணலா மாட்டினா கியர் விழாது, பேரிங் போகும், நீ பெட்டி செஞ்சவனைத் திட்டுவ. ஒரு சூட்சுமம் பாத்துக்க. முள்ளு காட்டறது கோணலைப் போல ரெட்டிப்பு. முள்ளு 0.014 போச்சுன்னா தொளை நகந்திருக்கறது 0.007 தான். அதைச் சரிபண்ண மையம் தள்ளிச் செஞ்ச டவல் பின்னு விக்கறான், 0.007, 0.014, 0.021னு மூணு அளவு. கணக்குத் தெரியாதவன் ரெட்டிப்பு அளவை வாங்கி மாட்டி, கோணலை அக்கட்டால இருந்து இக்கட்டால தள்ளிப்போட்டு, மறுபடியும் அதே முள்ளைப் பாத்துக்கிட்டு நிப்பான். நீ இன்ஜினியருக்குப் படிச்சவன், அதனாலதான் சொல்றேன்.

அடுத்தது கோணம். நூத்துல தொண்ணூறு பேரு புதுப் பெட்டி வெச்சதும் சொல்ற குறை, '60 மைலுக்கு மேல ஆடுது'ங்கறது. உடனே ஓவர்டிரைவு ப்ரொப்பல்லர் ஷாஃப்டை வேகமாச் சுத்துது, அதனாலம்பாங்க. கொஞ்சம் ரோசனை பண்ணு. ஷாஃப்ட் வேகம் சக்கரத்தையும் பினியனையும் பொறுத்தது. 70 மைல்ல அது அன்னைக்கும் 3,500 சுத்து, இன்னைக்கும் 3,500. மாறினது இன்ஜின்தான். அது 3,500ல கத்திக்கிட்டு இருந்தப்ப ஷாஃப்ட் ஆடினது உனக்குக் கேக்கல. இன்ஜின் வாயை மூடினதும், வருசக்கணக்கா ஆடிக்கிட்டு இருந்தது இப்பத்தான் காதுக்கு வருது. புதுப் பெட்டி மேல பழி.

ஷாஃப்ட் ஏன் ஆடுதுன்னா, கோணத்துல வளைஞ்சு நிக்கற கிராஸ் ஜாயின்ட் ஒரே வேகத்துல சுத்தாது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை முந்தும், ரெண்டு தடவை பிந்தும். ஒரு மாடு இழுக்கறப்ப மறு மாடு நிக்கற ஜோடியில உக்காந்து பாத்தவனுக்கு அந்த ஆட்டம் தெரியும். முன்கோணமும் பின்கோணமும் சமமா, பெட்டியும் பினியனும் ஒண்ணுக்கொண்ணு இணையா நின்னா, முன்னது பண்ற கோளாறைப் பின்னது கழிச்சுரும். ஒவ்வொண்ணும் 3 டிகிரிக்குள்ள வெய்யி. இங்கதான் சாமர்த்தியசாலிக மாட்டிக்குவாங்க. டன்னல் இடிக்குதுன்னு தகட்டைத் தட்டறதுக்குச் சோம்பல்பட்டு, பெட்டியோட வாலைக் கொஞ்சம் கீழ எறக்கிருவாங்க. இடிக்கறது நின்னுரும், கோணம் கெட்டுரும். அப்பறம் டயரு, வீல் பேலன்ஸ், ஜாயின்டுன்னு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டுத் திரிவாங்க. உன்ற போனுக்குள்ளயே கோணம் பாக்கற கருவி இருக்குதாமா. பெரிய காசு குடுத்து வாங்கின போனு, ஒரு தடவையாவது காருக்கடியில போயிட்டு வரட்டும்.

கிளட்சுக்கு ஹைட்ராலிக் வெக்கறயான்னு கேட்ட. பெல் ஹவுசிங்குக்கு உள்ளயே உக்கார்ற பேரிங், பெடல் பஞ்சு, எல்லாம் சரி. ஆனா எடைவெளியை ஷிம் போட்டு அளந்து வெக்கோணும். உள்ள ஒழுகுச்சுன்னா பாக்கறதுக்கே மொத்தப் பெட்டியையும் எறக்கோணும். உன்ற பழைய கம்பி லிங்கேஜ் நல்லா இருந்தா அப்படியே வெய்யி. எடது தொடை கொஞ்சம் பெருக்கட்டும். கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து அது இருக்கற எடமே தெரியல.

ஆயிலு. மன்சி கெட்டி கியர் ஆயிலைக் குடிச்சு வளந்தது. புதுசு அதைக் கேக்காது, ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு ஊத்தற மெல்லிசு ஆயிலைக் கேக்கும். பெட்டிக்காரன் காயிதத்துல என்ன எழுதியிருக்கறானோ அதை ஊத்து. நம்ம ஊரு வழக்கத்துக்கு, கெட்டியா ஊத்தினா சத்தம் வராதுன்னு ஊத்தினயோ, குளுருல மொதல் கியரு விழறதுக்குள்ள ஆபீசுல மதியச் சாப்பாடு ஆகிரும்.

கடேசியா உன்ற பெரிய ரோசனை. பழைய வளைஞ்ச ஹர்ஸ்ட் கியர் கம்பியையும், நாலு கியர் படம் போட்ட குண்டையும் புதுப் பெட்டி மேலயே மாட்டி, பாக்கறவனை ஏமாத்தப் போறயாமா. டிலோரியன் வம்சம்தான் நீ, ஒத்துக்கறேன். கம்பியை வெச்சுக்க, அழகா இருக்குது. அந்தக் குண்டை மட்டும் கழட்டிப்போடு. அதுல ரிவர்ஸ் எடதுபக்கம் கடைசியில, மேல. மன்சிக்கு அதான். புதுப் பெட்டியில ரிவர்ஸ் வலதுபக்கம், அஞ்சாவதுக்குக் கீழ. எடதுபக்கம் தள்ளி மேல தூக்கினா விழறது மொதல் கியரு, அதுவும் நீ இப்பப் புதுசா வாங்கின பதினோரு மடங்கு முறுக்கோட.

உனக்குப் பழகிரும். உன்ற பொண்டாட்டி ஒரு நாள் கடைக்குப் போகறதுக்கு அதை கராஜ்ல இருந்து பின்னால எடுப்பா. குண்டுல இருக்கற படத்தைப் பாத்து, படிச்ச புள்ளை, சரியாப் போடுவா. காரு முன்னால பாயும். கராஜ் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் உன்ற அம்மா வந்திருந்தப்ப பூசை ரூம் வெச்சுட்டுப் போயிருக்கறா. குண்டை மாத்தற வரைக்கும் முருகனை மாடிக்குத் தூக்கிட்டுப் போயி வெச்சுரு, குத்துவெளக்கையும் சேத்து.